வலது தோள்

என் வீட்டுக்காரரை இந்த ஊர்க் கண்ணாடிக் கடைகளில் 'லென்ஸ் அண்ணன்' என்றால்தான் தெரியும். மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுக்கும் பட்டறை ஒன்றில் அவருக்கு வேலை. தேய்த்த லென்ஸ்களைக் கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். அங்கே புதிதாக வந்திருக்கும் கண் அளவுச் சீட்டுகளை வாங்கிக்கொண்டு பட்டறைக்குத் திரும்புவார். இருபத்தாறு வருடமாக இதுதான், எல்லாம் ஸ்கூட்டரில். முதலில் ஒரு பழைய மொபெட் இருந்தது, கிளம்பும்போது தெருவையே எழுப்பிவிடும். அதற்குப் பிறகு இரண்டு வண்டி மாறி, இப்போது இருப்பது நூற்றுப்பத்து சிசி, சாம்பல் நிறம். அதைத் துடைக்கிற அக்கறையில் பாதி எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கிடைத்திருந்தால் எங்களுக்கு வெளிச்சமாவது வந்திருக்கும்.

அவர் ஓட்டுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். நாற்பதைத் தாண்ட மாட்டார். மளிகை மூட்டை ஏற்றிய சைக்கிள்காரர்கூட எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே முந்திப் போயிருக்கிறார். இண்டிகேட்டரும் போடுவார், கையையும் காட்டுவார்.

"ஒரு கொடியும் வாங்கித் தரட்டுமா? அதையும் சேர்த்து ஆட்டுங்களேன்" என்பேன்.

"பின்னாடி வர்றவனுக்கு நாம எங்க போறோம்னு தெரியணும்ல" என்பார். அவ்வளவுதான். அந்த மனிதருக்குக் கோபமே வராது. அதுதான் எனக்குக் கோபம்.

கடைகளில் லென்ஸைச் சரிபார்த்து வாங்குகிற வரை சும்மா நிற்க வேண்டியிருக்கும். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை தொங்கும் அல்லவா, மேலே பெரிதாக ஆரம்பித்துக் கீழே எறும்பு மாதிரி போகுமே, அதை இவர் வாசல்படியில் நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படிப்பார். 'லென்ஸ் அண்ணனுக்கு மட்டும் நம்மால கண்ணாடி விக்கவே முடியாதுப்பா' என்று கடைக்காரர்கள் கேலி பேசுவார்கள். அதை வீட்டில் வந்து என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று எனக்கே கணக்கில்லை.

அந்த மனிதருக்குத்தான் வலது பக்கம் தெரியாமல் போனது.

அவர் என்னிடம் சொல்லவில்லை. நான் பின் சீட்டில் உட்கார்ந்தபடி கண்டுபிடித்தேன். பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் டோக்கன் கொடுத்து ஆட்களை உள்ளே அனுப்புவது என் வேலை. காலையில் ஒன்பது மணிக்கு என்னைக் கிளினிக் வாசலில் இறக்கிவிட்டுப் பட்டறைக்குப் போவார். மாலை ஆறு மணிக்கு வந்து ஏற்றிக்கொள்வார். இருபத்து மூன்று வருடக் கல்யாண வாழ்க்கையில் நான் அவர் முகத்தைப் பார்த்த நேரத்தைவிட முதுகைப் பார்த்த நேரம்தான் அதிகம். அந்த முதுகில் என்ன மாறினாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

முதலில் சின்னச் சின்னதாகத்தான் இருந்தது. மேசையில் அவருக்கு வலது கைப்பக்கம் டீ வைத்தால் தட்டிவிட்டார். ஒரு தடவை, இரண்டு தடவை. "கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு?" என்று கத்தினேன். அப்படிக் கத்தியதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. பிறகு குளியலறைக் கதவில் வலது தோளை இடித்துக்கொண்டார். பிறகு ஸ்கூட்டரின் வலது பக்கக் கண்ணாடி உடைந்து வந்தது. "நிறுத்தி வெச்ச இடத்துல எவனோ இடிச்சிட்டான்" என்றார். நானும் அந்த 'எவனோ'வைத் தலைமுறை தலைமுறையாகத் திட்டினேன்.

அப்புறம் ஒரு நாள் காலையில் ரவுண்டானாவைச் சுற்றிக்கொண்டிருந்தோம். வலது பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் எங்களை ஒட்டி வந்தது. ஹாரன் அடிக்கிறான், அடித்துக்கொண்டே இருக்கிறான். பக்கத்துப் பேருந்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இவர் திரும்பவில்லை. நேராகப் பார்த்தபடி வண்டியை வலது பக்கமே சாய்த்துக்கொண்டு போகிறார். என் முழங்காலுக்கும் அந்த வண்டியின் கைப்பிடிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அவர் வலது தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். சட்டென்று வண்டியை இடது பக்கம் ஒடித்துக்கொண்டார். மோட்டார் சைக்கிள்காரன் எங்கள் குடும்பத்தையே வாழ்த்திவிட்டுப் போனான்.

"ஹாரன் கேக்கலையா?" என்றேன்.

"கேட்டுச்சு. எந்தப் பக்கம்னு தெரியல" என்றார்.

கிளினிக் வாசலில் இறங்கினேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "சாயங்காலம் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை வண்டி துடைக்கிற துணியைத் தேடி ஸ்கூட்டரின் முன்பக்கப் பெட்டியைத் திறந்தேன். அந்தத் துணிக்குள் சுற்றி ஒரு சொட்டு மருந்து பாட்டில் இருந்தது. கூடவே கண் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று நாலாக மடித்து வைத்திருந்தது. தேதியைப் பார்த்தேன், ஏழு மாதத்துக்கு முந்தையது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுவிட்டது, வலது கண்ணில் ரொம்பவும், போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து. நேராகப் பார்ப்பதில் குறை இல்லை, ஓரப் பார்வைதான் போய்விட்டது என்றும் எழுதியிருந்தது. கடைசியில் பேனாவால் தனியாக ஒரு வரி: வண்டி ஓட்டக் கூடாது. அதற்கு அடியில் இரண்டு கோடு வேறு.

சீட்டை மடித்தேன். எப்படி இருந்ததோ அப்படியே துணியில் சுற்றி வைத்துப் பெட்டியை மூடினேன்.

ஏன் கேட்கவில்லை என்று யார் வேண்டுமானாலும் என்னைக் கேட்கலாம். நானே என்னைக் கேட்டிருக்கிறேன், தினமும். பயம்தான், வேறென்ன. நான் கேட்டால் அவர் ஆமாம் என்பார். ஆமாம் என்றால் வண்டியை நிறுத்த வேண்டும். வண்டி நின்றால் அந்த மனிதர் காலையில் எழுந்து எங்கே போவார்? ஐம்பத்திரண்டு வயதில் யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? பட்டறையில் லென்ஸ் தேய்க்கத் தெரியாது, கடையில் விற்கத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது இந்த ஊரின் சந்துபொந்தும் எந்த சிக்னல் எத்தனை எண்ணினால் பச்சை விழும் என்பதும்தான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அந்தப் பின் சீட்டு வேண்டியிருந்தது. இரண்டு பேருந்து மாறி, கூட்டத்தில் நசுங்கி வேலைக்குப் போக எனக்கு மனசில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

எனவே நான் வாயைத் திறக்கவில்லை. கையை மட்டும் நீட்டினேன்.

மறுநாள் காலையிலிருந்து என் வலது கை அவர் வலது தோளிலேயே இருந்தது. வலது பக்கம் வண்டி வந்தால் விரல் நுனியால் ஒரு தட்டு. அவர் வேகத்தைக் குறைப்பார், அல்லது நிற்பார். சந்தியில் நின்ற பிறகு வழி கிடைத்தால் உள்ளங்கையால் தோளில் ஒரு தடவல். அவர் கிளம்புவார். நாங்கள் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இல்லை இது. முதல் நாள் நான் தட்டினேன், அவர் நின்றார். வண்டி போனதும், 'சரி, போங்க' என்கிற மாதிரி என் கை தானாகத் தடவியது, அவர் போனார். அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் அது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. தெருவில் பார்க்கிறவர்கள், இந்த வயதிலும் என்ன ஒரு அன்னியோன்யம் என்று நினைத்திருப்பார்கள். கிளினிக்கில் பல் டாக்டரம்மாவே ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "என்னக்கா, தோள்ல கை போட்டுக்கிட்டு வர்றீங்க, புதுசா கல்யாணம் ஆன மாதிரி?" என்று கிண்டல் செய்தார். நான் சிரித்து வைத்தேன்.

ஒரே ஒரு தடவை அவர் அதைப் பற்றி ஏதோ சொல்ல வந்தார். சிக்னலில் நின்றிருந்தோம். "நீ பின்னாடி இருந்தா வண்டி நல்லா நிக்குது" என்றார்.

"வெயிட்டு அப்படி" என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பச்சை விழுந்தது.

நான் இருக்கும்போது சரி. ஒன்பதிலிருந்து ஆறு வரை? அந்த நேரத்தில் அவருக்குப் பின்னால் லென்ஸ் பெட்டிதான் உட்கார்ந்திருக்கும், அது தட்டுமா? எனக்கு வேலையே ஓடவில்லை. தெருவில் டயர் கிறீச்சிட்டால் டோக்கன் புத்தகத்தைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். பல்வலியோடு வந்தவர்கள் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள் என்றால் பாருங்கள். பன்னிரண்டாம் நம்பரைக் கூப்பிட்டுவிட்டு மறுபடியும் பன்னிரண்டாம் நம்பரையே கூப்பிட்டு இரண்டு பேருக்குச் சண்டை மூட்டிவிட்டிருக்கிறேன்.

கடைசியில், "ஒவ்வொரு கடைக்கும் போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க" என்றேன்.

"எதுக்கு?"

"சும்மாதான். எனக்குப் பொழுது போகணும்ல."

அவர் ஏன் எதற்கு என்று அதற்கு மேல் கேட்கவில்லை. அன்றிலிருந்து கொடுத்தார். ஒரு நாளைக்கு எட்டு கடை, எட்டு மிஸ்டு கால். டோக்கன் புத்தகத்தின் அட்டைக்குள்ளே கோடு போட்டுக்கொள்வேன். ஐந்தாவது கோட்டுக்கும் ஆறாவது கோட்டுக்கும் நடுவில் நெடுஞ்சாலைச் சந்தி ஒன்று வரும். அந்த இடைவெளியில் எனக்குத் தண்ணீர்கூட இறங்காது. ஒரு நாள் ஆறாவது கால் வரவே இல்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு மணி நேரம் ஆயிற்று. நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. கழிவறையில் போய் உட்கார்ந்து அழுதேன். நாலேகாலுக்குக் கால் வந்தது. பஞ்சராம். பஞ்சர் ஒட்டுகிறவர் டியூபைக் கழற்றிக்கொண்டிருந்தபோது இவர் ஸ்டூலில் உட்கார்ந்து தூங்கிவிட்டாராம். மாலையில் நான் திட்டிய திட்டில் வண்டியே கிளம்ப யோசித்தது.

அவரும் பயந்துகொண்டுதான் ஓட்டியிருக்கிறார். அது எனக்குப் பட்டறை முதலாளி வாயால் தெரிந்தது. வீட்டுக்கு வந்திருந்தபோது பேச்சுவாக்கில், "உங்க வீட்டுக்காரர் என்னம்மா, இப்பல்லாம் ஊரைச் சுத்திச் சுத்திப் போறாரு? கேட்டா, வலது பக்கம் திரும்புற சந்தியில கூட்டமா இருக்கு, இடது பக்கமாவே திரும்பித் திரும்பிப் போயிடுறேங்கிறாரு. ஒரு கிலோமீட்டர்ல முடியுறது மூணு கிலோமீட்டர் ஆகுது" என்றார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

இதற்கு நடுவில் லைசென்ஸ் புதுப்பிக்கிற நாள் வந்தது. அதற்குக் கண் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். ஒரு வாரம் முன்னாலிருந்தே நான் சரியாகத் தூங்கவில்லை. தவறிவிட வேண்டும் என்று ஒரு மனம் வேண்டிக்கொண்டது, தவறிவிடக் கூடாதே என்று இன்னொரு மனம். சான்றிதழ் கொடுக்கிற டாக்டர் பலகையைக் காட்டிப் படிக்கச் சொல்லியிருக்கிறார். இவருக்கா சொல்லித் தர வேண்டும்? கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு வந்துவிட்டார். "புது லைசென்ஸ். இனிமே கவலையில்ல" என்று அட்டையை என் முன்னால் வைத்தார். குரலில் சந்தோஷம் இருந்தது, முகத்தில் இல்லை.

"நல்லது" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போனேன். கண்ணீருக்குக் காரணம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

அதற்கு அடுத்த மாதம், ஒரு புதன்கிழமை மதியம் மழை பெய்து விட்டிருந்தது. ஆறு மணிக்குச் சொன்னபடி வந்தார். அன்றைக்கு எட்டுக் கோடும் விழுந்திருந்ததால் எனக்கு மனசு லேசாக இருந்தது. மேசையைத் துடைத்து, மிச்சமிருந்த பஞ்சுச் சுருளை டப்பாவில் அடைத்துவிட்டு ஓடிவந்து ஏறினேன். தோளைப் பிடித்து உட்கார்ந்தேன். என்ன செய்தேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. கிளினிக் பஞ்சு ஒரு துணுக்கு என் விரலில் ஒட்டியிருந்து அவர் சட்டைத் தோளுக்குப் போயிருக்கிறது.

கிளினிக் தெரு பெரிய சாலையில் போய் முட்டும் இடத்தில் சிக்னல் கிடையாது. தினமும் அங்கே நிற்போம். நின்றோம். வலது பக்கம் பார்த்தேன். ஒரு வேன் வந்தது, தட்டினேன். வேன் போனது. அதற்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தாள். சரி, அவளும் போகட்டும் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து அவர் தோளில் அந்தப் பஞ்சு என் கண்ணில் பட்டது. கறுப்புச் சட்டை, வெள்ளைப் பஞ்சு. என் கை அதைத் தட்டிவிட்டது. உள்ளங்கையால், ஒரு தடவல்.

அவர் கிளம்பிவிட்டார்.

"ஐயோ, இல்ல!" என்று நான் கத்தியது யார் காதிலும் விழுந்திருக்காது. அந்தப் பெண் பிரேக்கைப் பிடித்தாள், ஈரச் சாலையில் வண்டி சறுக்கியது. எங்கள் முன் சக்கரத்தில் வந்து மோதி அந்தப் பக்கம் விழுந்தாள். நாங்கள் இந்தப் பக்கம் சாய்ந்தோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, என் முழங்கையில் சிராய்ப்பு மட்டும். லென்ஸ் பெட்டி திறந்து காகித உறைகள் தண்ணீரில் மிதந்தன. அவள் எழுந்து உட்கார்ந்து இடது கையைப் பார்த்தாள். மணிக்கட்டு போகக் கூடாத பக்கம் போயிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அழ ஆரம்பித்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். சூப்பர் மார்க்கெட் பில் போடுகிறவர்களின் சீருடை.

கூட்டம் கூடிவிட்டது. சற்றுத் தள்ளிப் போய் நின்ற அந்த வேனின் டிரைவர் ஓடிவந்தார். அவர் இந்தப் பக்கம் தினமும் போகிறவர் போல. "இந்த அண்ணன் ஓட்டுறத நான் பார்த்திருக்கேன்ப்பா. நாப்பதத் தாண்ட மாட்டாரு. இந்தப் பிள்ளைங்கதான் பறக்குதுங்க" என்றார். ஆமாம் ஆமாம் என்றார்கள் நாலு பேர். ஆஸ்பத்திரி வண்டிக்கு யாரோ போன் போட்டார்கள். சந்தியின் அந்தப் பக்கத்திலிருந்து போக்குவரத்துப் போலீஸ்காரர் வந்தார், நோட்டை எடுத்தார், இவருடைய லைசென்ஸை வாங்கிப் பார்த்தார்.

"போன மாசம்தான் புதுப்பிச்சிருக்கீங்க. எல்லாம் சரியா இருக்கு. எவ்வளவு வருஷமா ஓட்டுறீங்க?"

"இருபத்தாறு வருஷம் சார்."

"ஏதாவது கேஸ் உண்டா?"

"இல்ல சார்."

போலீஸ்காரர் அந்தப் பெண் பக்கம் திரும்பினார். "ஏம்மா, எவ்வளவு வேகத்துல வந்த?"

அவள் தேம்பிக்கொண்டே, "கொஞ்சம் வேகமாத்தான் வந்தேன் சார். இவங்க நின்னுட்டு இருந்தாங்க, எனக்குத்தான் வழி விடுறாங்கன்னு நெனச்சுட்டேன். என் மேலதான் தப்பு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்றாள்.

எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் என்று இருந்தது. ஆனாலும் கேளுங்கள், என் புத்தி என்ன செய்தது என்று. எல்லாம் நமக்குச் சாதகமாக இருக்கிறது, இந்த மனிதர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தது. நாளைக்கும் வண்டி ஓடும், நாளைக்கும் எட்டு கோடு விழும். நான் அவர் வலது தோளைப் பிடித்து அழுத்தினேன். எட்டு மாதமாக என் கை சொன்னதை எல்லாம் கேட்டவர்தானே.

அந்த ஒரு தடவை அவர் கேட்கவில்லை.

"அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல சார்" என்றார். "எனக்கு வலது பக்கம் கண்ணு தெரியாது. டாக்டர் ஓட்டாதன்னு சொல்லி ரொம்ப நாளாச்சு. நான்தான் ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

வேன் டிரைவர் இரண்டடி பின்னால் போனார். கூட்டத்தில் ஒருவர் 'த்சு' என்றார். அந்தப் பெண் அழுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

போலீஸ்காரர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "தெரியாதுன்னா அப்புறம் எப்படி ஓட்டுனீங்க?"

"பழக்கத்துல சார்."

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, தண்ணீரில் கிடந்த லென்ஸ் உறை ஒன்றை எடுத்து உதறிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை.

"நான்தான் சார் பார்ப்பேன்" என்றேன். "பின்னாடி உக்காந்துக்கிட்டு நான் தோள்ல தட்டுவேன், அவர் நிப்பாரு. நான் தடவுனா போவாரு. இன்னைக்கு அவர் சட்டையில பஞ்சு இருந்துச்சு. அதத் தட்டிவிட்டேன். போகச் சொல்றேன்னு நெனச்சுப் போயிட்டாரு. தப்பு என் மேல சார்."

அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். தான் ஏன் கிளம்பினோம் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

போலீஸ்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏம்மா, ரெண்டு பேர் சேர்ந்து ஒரு ஆளா ஓட்டிக்கிட்டு இருந்தீங்களா? இத்தனை நாள் யாரும் சாகலையேன்னு சந்தோஷப்படுங்க" என்றார். திட்டினாரா, இரக்கப்பட்டாரா என்று எனக்குப் புரியவில்லை. லைசென்ஸைத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வண்டியைச் சாலையோரத்தில் இருந்த காவல் கூண்டுக்குப் பின்னால் தள்ளி நிறுத்தச் சொன்னார். காலையில் வந்து எழுதிக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம், ஆனால் நீங்கள் ஓட்டக் கூடாது என்றார்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணுக்கு மாவுக்கட்டு போட்டார்கள். ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது. அவள் அம்மா வந்து எங்களைக் கிழி கிழி என்று கிழித்தார். எனக்கு அது தேவையாக இருந்தது. இவர் அந்த அம்மாவுக்குத் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தார், அதற்கும் திட்டு வாங்கினார். பேருந்தில் வீட்டுக்குத் திரும்பினோம்.

நான் யோசித்துக்கொண்டே வந்தேன். அவருக்குக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். நேராகப் பார்ப்பதில் குறை இல்லை என்றுதானே சீட்டில் எழுதியிருந்தது? முன்பெல்லாம் சந்தியில் தலையை நன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், ஹெல்மெட் ஆடுவது எனக்குத் தெரியும். நான் தட்ட ஆரம்பித்த பிறகு அவர் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டார். எட்டு மாதமாக நான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் கை இல்லாமல் போயிருந்தால் அவர் என்றைக்கோ வண்டியை நிறுத்தியிருப்பார். அவரை அத்தனை நாள் சாலையில் விட்டது நான்தான்.

மறுநாள் விடிந்ததும் அவர் பட்டறை முதலாளிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார், கண்ணைப் பற்றியும் சேர்த்து. மறைக்காமல் சொல்லிவிட்டு, "தேச்சு வர்ற லென்ஸுல கீறல் இருக்கான்னு பார்க்கிற மேசை இருக்குல்ல, அது நேராப் பார்க்கிற வேலைதான். அதுல உக்காரட்டுமா?" என்று கேட்டார். முதலாளி, பார்ப்போம் என்றாராம். "பார்ப்போம்னா என்ன அர்த்தம்?" என்று நான் நாலு தடவை கேட்டேன். "பார்ப்போம்னுதான் அர்த்தம்" என்றார். இப்போதும் எங்களுக்கு அவ்வளவுதான் தெரியும்.

ஒன்பது மணிக்குக் காவல் கூண்டுக்குப் போனோம். எழுதிக் கொடுத்தோம். சாவியைக் கொடுத்தார்கள். அவர் அதை வாங்கி ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்துவிட்டு என் கைப்பைக்குள் போட்டார். எனக்கு ஓட்டத் தெரியாது, அவர் ஓட்டக் கூடாது. வீடு மூன்று கிலோமீட்டர். அவர் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தார். வண்டிக்கு வலது பக்கமாக, சாலையை ஒட்டி நான் நடந்தேன். அலுவலக நேரம். பேருந்துகளும் ஸ்கூட்டர்களும் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களை உரசிப் போயின. தள்ளுகிற வண்டி கனக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பெரிய சாலையைக் கடக்க வேண்டிய இடம் வந்தது. நின்றார். அவர் தோள் எனக்கு எட்டவில்லை, நடுவில் வண்டி இருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் நேராகப் பார்த்தபடியே, "வலது பக்கம் ஏதாச்சும் வருதா? சொல்லு" என்றார்.

எட்டு மாதத்தில் ஒரு நாளும் அவர் கேட்காத கேள்வி.

"ஒரு பஸ் வருது" என்றேன். "அதுக்குப் பின்னாடி ரெண்டு ஸ்கூட்டர். ரெண்டாவதுல ஒரு அம்மா, குழந்தையோட. நில்லுங்க."

நின்றார். பேருந்து போனது. ஸ்கூட்டர்கள் போயின.

"இப்ப?" என்றார்.

"நீங்களும் ஒரு தடவை திரும்பிப் பாருங்க."

அவர் கழுத்தை நன்றாகத் திருப்பி, சாலையைக் கடைசி வரைக்கும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இல்ல, ஒண்ணும் வரல" என்றார்.

"வாங்க" என்றேன்.